ஐன்ஸ்டீன் எழுதிய துக்கக் கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற தை மாதம் என் அப்பா தவறிவிட்டார். அதிலிருந்து காலத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று, இன்று, நாளை என்ற பிரிவே மாயை என்று ஐன்ஸ்டீன் சொல்லியிருக்கிறார். நம் முன்னோர்களும் அதைத்தானே சொன்னார்கள்? மூளைச் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் நடக்கும் குவாண்டம் நிகழ்வுதான் பிரக்ஞை என்று இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. அப்படியென்றால் அப்பா காலத்தின் வேறொரு இடத்தில் இன்னும் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

(நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

அன்புள்ள தம்பி,

அந்த ஐன்ஸ்டீன் வாக்கியம் என்னையும் பல வருடமாகத் தொந்தரவு செய்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அது எங்கே வருகிறது என்று பார்த்தீர்களா? ஆய்வுக் கட்டுரையில் இல்லை. மிக்கேல் பெஸ்ஸோ ஐன்ஸ்டீனின் மாணவப் பருவத்து நண்பர், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர். 1905ஆம் ஆண்டின் சார்பியல் கட்டுரையில் ஐன்ஸ்டீன் பெயர் சொல்லி நன்றி கூறியது அவர் ஒருவருக்குத்தான். 1955 மார்ச்சில் பெஸ்ஸோ இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டீன் எழுதிய துக்கக் கடிதத்தில்தான் அந்த வரி இருக்கிறது. அடுத்த மாதம் 18ஆம் தேதி ஐன்ஸ்டீனும் போய்விட்டார். சாவு வீட்டுக்கு ஒரு கிழவர் எழுதிய ஆறுதலை எடுத்து இயற்பியல் விதி மாதிரி சுவரில் மாட்டிவிட்டோம்.

சார்பியல் உண்மையில் சொல்வது வேறு. பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஒரு ‘இப்போது’ கிடையாது. வெவ்வேறு வேகத்தில் போகிற இருவர், தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். 1971இல் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை தரையில் இருந்தவற்றைவிட 59 நானோ நொடி பின்தங்கின. கடிகாரங்கள் பிரிந்து போகும், அது நிஜம். ஆனால் ஒருவர் பிறந்தது முன்னால், இறந்தது பின்னால் என்ற வரிசை எந்த வேகத்தில் போகிறவருக்கும் மாறாது. உங்கள் அப்பாவின் வாழ்க்கை எல்லோருக்கும் ஒரே வரிசையில்தான் நடந்தது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

சரி, எல்லாக் கணங்களும் ஒருசேர இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்படி நம்பும் நல்ல இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதிலிருந்து அப்பா ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிற கணத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். கடைசி வாரம் அவர் மூச்சுக்குத் தவித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அங்கேதான் இருக்கும். என்றைக்கும் இருக்கும். உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கித் தர அந்தக் கோட்பாட்டால் முடியாது. இதை யோசிக்காமல் எப்படி ஆறுதல் அடைந்தீர்கள்?

கோபமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் போய்விட்டது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சரியாகச் சொல்வாள். “அஞ்சே முக்கால் ஆச்சு, உங்க அப்பா இன்னும் வரலையே?” அப்பா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழுவாள். மறுநாளும் அதே கேள்வி. அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டோம். “வந்துடுவாரும்மா.”

கடிகாரம் காட்டும் காலம் அவளிடம் பழுதில்லாமல் இருந்தது. ஓடுகிற காலம்தான் இல்லை. இயற்பியலின் அடிப்படை விதிகளில் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒன்றுதான். ஒழுங்கு குலைவது கூடிக்கொண்டே போகும் திசையைத்தான் நாம் எதிர்காலம் என்கிறோம் என்பது இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் வழி வந்த விளக்கம். மூளையில் ஒரு ஞாபகம் பதிவதும் அதே திசையில்தான். பதிவு நின்றால் கடிகாரம் ஓடும், காலம் நகராது. பிரக்ஞைக்கும் காலத்துக்கும் உள்ள உறவை நான் ஏதாவது புரிந்துகொண்டேன் என்றால் அந்தக் கூடத்தில்தான். காலம் மாயை என்று யாராவது சாவதானமாகச் சொல்லும்போது எனக்கு அவள் அழுகைதான் கேட்கிறது. காலம் அவளை விட்டுப் போனபோது துக்கமும் கூடவே போய்விடவில்லை. ஆறாமல் நின்றுவிட்டது. துக்கம் ஆறுவதற்குக் காலம் ஓட வேண்டும் தம்பி. அதைப் போய் மாயை என்று துடைக்கப் பார்க்கிறீர்கள்.

பென்ரோஸ் பெரிய கணித மேதை. நுண்குழல் கதை இன்னும் நிறுவப்படவில்லை. அதற்குமேல் அதில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

முன்னோர் பெருமைக்கு உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார். 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, எண்களைச் சொற்களாக்கிய மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். நம் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்த ஐரோப்பியர் ஜான் வாரன் அதைப் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பிசகு எவ்வளவு என்று சொல்ல முடிகிறதே, அதுதான் அறிவு. ‘அன்றே சொன்னார்கள்’ என்பதில் எவ்வளவு பிசகு என்று யாரால் அளக்க முடியும்?

ஐன்ஸ்டீனுக்கே ‘இப்போது’ தீராத உறுத்தலாக இருந்தது. அது மனிதனுக்கு முக்கியமானது, ஆனால் இயற்பியலுக்குள் வராது, வராது என்பது வேதனைதான் என்று அவர் சொன்னதை தத்துவவாதி கார்னாப் எழுதி வைத்திருக்கிறார். துக்கக் கடிதத்தோடு சேர்த்து இதையும் படியுங்கள்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வேண்டுமென்றால், எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று. நான்கு பக்கத்தில் பென்ரோஸ் வருகிறார், ஐன்ஸ்டீன் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார், உங்கள் அப்பாவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை போட்டார், உங்களை எதற்கெல்லாம் திட்டினார், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அதைப் பிரசுரிக்க மாட்டேன், படிப்பேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து