பல்லில் பேனா, மனசில் சிரிப்பு?

கேள்வி: அலுவலகப் பயிற்சி வகுப்பில் எல்லோரையும் பேனாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள். முகம் சிரித்தால் மனசும் சிரிக்குமாம், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து தேடினால், திரும்பச் செய்தபோது பலிக்கவில்லை என்று போட்டிருக்கிறது. உளவியலே டுபாக்கூர்தானே?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்ற பயிற்சியாளரும் ‘டுபாக்கூர்’ என்கிற நீங்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறீர்கள். ஆளுக்கொரு முடிவைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

1988-இல் ஜெர்மன் உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட சோதனை அது. கை வழங்காதவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகச் சொல்லி மாணவர்களிடம் பேனாவைக் கொடுத்தார்கள். சிலர் உதடு படாமல் பல்லால் பிடிக்க வேண்டும், சிலர் உதட்டால் மட்டும், சிலர் பழக்கமில்லாத கையால். பல்லால் பிடித்தால் சிரிப்புத் தசை இழுபடும். உதட்டால் பிடித்தால் அது முடங்கும். அந்த நிலையிலேயே கார்ட்டூன்களுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பல்காரர்களின் சராசரி 5.14, உதட்டுக்காரர்களுடையது 4.32. சிரிப்பைப் பற்றி மூச்சே விடாமல் சிரிக்கவைத்த தந்திரம் அபாரம்தான். ஆனால் மொத்தமே 92 பேர். மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு முப்பது சொச்சம்.

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. இரு குழுக்களின் சராசரிக்கு இடையே அரை திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வித்தியாசம் இருந்தால்கூட, ஐந்தில் நான்கு முறை அது கண்ணில் படக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.2 திட்டவிலக்கம்தான் என்றால் ஏறக்குறைய 400 பேர். முப்பது பேரை வைத்து, தற்செயல் அல்ல என்று தேறுகிற முடிவு, உள்ளதைவிட ஊதிப் பெருத்திருக்க வாய்ப்பு அதிகம். தேறாதவை வெளியாகாமல் மேசை டிராயருக்குள் போய்விடும். ஆக, அதே எண்ணிக்கையில் மறுசோதனை செய்வது வெட்டிவேலை. பழையதைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு ஆட்களை எடு என்பது யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு.

2016-இல் ஆள்பலத்தோடு செய்தார்கள். சோதனைக்குத் தன் ஆய்வை முன்வந்து கொடுத்தவர் ஸ்ட்ராக்கேதான் (எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?). 17 ஆய்வகங்கள், 1894 பேர். கார்ட்டூன்கள் அளவாகச் சிரிப்பு மூட்டுகின்றனவா என்று முன்பே பார்த்துக்கொண்டார்கள். செய்முறையையும், யாரை எந்தக் காரணத்துக்காகக் கணக்கிலிருந்து கழிப்பது என்பதையும் தரவு வருமுன்பே பதிவு செய்தார்கள். அதைச் செய்யாவிட்டால், முடிவைப் பார்த்துவிட்டு வேண்டாதவர்களைக் கழிக்கும் சபலம் வரும். பல்லுக்கும் உதட்டுக்கும் கிடைத்த வித்தியாசம் வெறும் 0.03 மதிப்பெண்.

ஸ்ட்ராக் விடவில்லை. பேனாவைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று பார்க்க இம்முறை கேமரா வைத்தார்களே, கவனிக்கப்படுகிறோம் என்ற கூச்சம் உணர்வைக் கெடுத்திருக்கும் என்றார். தோற்ற பிறகு சொல்லும் சாக்கு என்று முகம் சுளிக்கலாம். ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடிய சாக்கு. 2018-இல் இஸ்ரேலில் கேமராவோடும் இல்லாமலும் செய்தார்கள். கேமரா இல்லாதபோது பலித்தது, இருந்தபோது பலிக்கவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவிலான வேறுபாடு புள்ளியியல்படி மயிரிழையில்தான் நின்றது.

2022-இல் நம்புகிறவர்களும் சந்தேகிப்பவர்களும் சேர்ந்தே திட்டமிட்டார்கள். 19 நாடுகள், 3878 பேர். படத்திலுள்ள சிரித்த முகத்தைப் போலச் செய்தவர்களுக்கும், சொன்னபடி முகத்தசையை அசைத்தவர்களுக்கும் மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது. பேனா முறைக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. கருத்து மெலிந்து பிழைத்தது, கருவிதான் சந்தேகத்தில் நிற்கிறது. ஒரே ஒரு மறுசோதனையோடு நிறுத்தியிருந்தால் இந்த இரண்டையும் பிரித்தே பார்த்திருக்க முடியாது.

‘உளவியலே’ என்று மொத்தமாக இழுக்கிறீர்களே, அதற்கும் எண் இருக்கிறது. 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில், மூலத்தில் 97 சதவீதம் தேறியிருந்தவை மறுமுறை 36 சதவீதம்தான் தேறின. அதற்கு முந்தைய ஆண்டு, 36 இடங்களில் 13 விளைவுகளைச் சோதித்ததில் 10 நின்றன. முதலில் காதில் விழும் எண் நம் மதிப்பீட்டை இழுத்துக்கொண்டு போகும் என்பதும் நின்றவற்றில் ஒன்று. மூலத்தில் சொன்னதைவிட அது பெரிதாகவே தெரிந்தது.

பயிற்சியாளர் அடுத்த முறை ஏதாவது சோதனையைச் சொன்னால், எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், செய்முறையை முன்பதிவு செய்தார்களா, முதலில் கண்டுபிடித்தவர்களைத் தவிர வேறு யாருக்காவது கிடைத்ததா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் தெரியாது’ என்றால் டீ இடைவேளைக்குக் கிளம்பிவிடலாம்.