அடுத்த நூற்பா

அன்புள்ள அம்மா,

என் மாமனார் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் முடிவு அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஊருக்குப் போகிற வழி, குழம்புக்குப் புளி, அமாவாசை என்றைக்கு, எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி. போன வாரம் என் பத்து வயது மகள் கோள்கள் எட்டு என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒன்பது" என்று திருத்தினார். "புளூட்டோ இப்போ கோள் இல்லை தாத்தா" என்றாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அதட்டினார். அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் அழுதுவிட்டாள். நானும் கணவரும் அங்கேதான் இருந்தோம், பெரியவர் என்று ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் தானே சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது குறுகிய மனத்தின் அடையாளம்தானே? இப்படிப்பட்டவர்களை எப்படிக் கையாள்வது? ஆலோசகர் யாரிடமாவது அழைத்துப் போகலாமா?

க.

அன்புள்ள க.,

ஆலோசகர் வேண்டாம். கையாள்வது என்ற சொல்லும் வேண்டாம். மாமனார் மனிதர். அவரோடு பேசலாம், சண்டை போடலாம், ஒரு வாரம் முகம் கொடுக்காமல்கூட இருக்கலாம். கையாள்வதற்கு அவர் சரக்கு மூட்டை இல்லை. புளி, அமாவாசை, ஊருக்குப் போகிற வழி இதையெல்லாம் அவரிடமே விட்டுவிடுங்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு இடம்தான். அவள் என்னைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்த ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அப்படி ஒரு பார்வையைத்தான். அதைச் சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் கேள்வி.

குறுகிய மனம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புளூட்டோவைக் கண்டுபிடித்த அதே 1930இல்தான், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பத்தொன்பது வயது. கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்துபோன ஒரு நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் கனமாக இருந்தால், சுருங்கி அமைதியாக அடங்கிவிட அதனால் முடியாது, மேலும் மேலும் நொறுங்கிக்கொண்டே போகும். அந்த அளவு சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அவர் அந்த ஆய்வை விரிவாக முடித்து, 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் படித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன், அன்றைக்கு இங்கிலாந்தின் பெரிய வானியலாளர். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அரங்கம் சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

இந்த எடிங்டன் குறுகிய மனம் கொண்டவரா? முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நின்றவர், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஜெர்மனி என்ற பேரைக் கேட்டாலே இங்கிலாந்து கொதித்த காலத்தில், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை எடுத்துப் படித்து, 1919இல் பிரின்சிபே தீவு வரை போய்ச் சூரிய கிரகணத்தைப் படம் எடுத்து, அது சரி என்று உலகத்துக்குச் சொன்னவர். அவ்வளவு விரிந்த மனம் அது. அந்த மனமும் ஒரு கதவை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது. நட்சத்திரங்களைப் பற்றித் தன் வாழ்நாளெல்லாம் கட்டிய வீடு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. உங்கள் மாமனாருக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். அவர் பள்ளியில் ஒன்பது என்று சொன்னால்தான் மதிப்பெண். 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் வானியலாளர்கள் கூடி, புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையில் சேர்க்கும்வரை அவர் படித்தது சரியாகத்தான் இருந்தது. அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எடிங்டனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். என்னால் மன்னிக்க முடியாதவர்கள் மற்றவர்கள். சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதிக் கேட்டார். அவரும் பெரிய இயற்பியலாளரான நீல்ஸ் போரும் எடிங்டன் சொல்வதில் ஒன்றும் இல்லை என்றே கருதினார்கள். இன்னொரு பெரிய இயற்பியலாளரான பவுலியும் அப்படித்தான். கடிதத்தில் சொன்னார்கள், தனியாகச் சொன்னார்கள். சபையில் எழுந்து சொல்ல ஒருவரும் வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த மாநாட்டில் எடிங்டன் மறுபடியும் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல அனுமதி கேட்டுச் சந்திரசேகர் சீட்டு எழுதி அனுப்பினார். தலைமை வகித்த அமெரிக்க வானியலாளர் ரஸ்ஸல், வேண்டாமே என்று பதில் சீட்டு அனுப்பினார். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு இளைஞன் தனியாக உட்கார்ந்திருந்தான். சில ஆண்டுகளில் அந்த ஆய்வை ஒரு புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டான். நோபல் பரிசு 1983இல் வந்தது. வந்தது என்பதால் அந்த மௌனம் சரியாகிவிடுமா?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1991இல் நான் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியை. அங்கே மூத்த தமிழையா ஒருவர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணி வரை இருந்து, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லித் தருவார். அவருக்கு ஒரு பிடிவாதம். நிறத்தைச் சொல்லும்போது கருப்பு என்றுதான் எழுத வேண்டும், வல்லின றகரம் போட்டால் அது கோபம். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று தொல்காப்பியத்தைச் சொல்லி, கறுப்பு என்று எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண் குறைப்பார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கும் குறைத்தார். அவள் நூலகத்தில் தொல்காப்பியத்தைத் தேடி எடுத்து, ஆசிரியர் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். "அடுத்த நூற்பாவையும் படிங்க ஐயா" என்றாள்.

அடுத்த நூற்பா, "நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப." அந்தச் சொற்கள் நிறத்தைக் குறிக்கவும் உரியவை. அவ்வளவு தெளிவு. தொல்காப்பியத்தின் உரியியல் என்ற பகுதியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. எனக்குத் தெரியும். எம்.ஏ.வில் படித்திருந்தேன். அறையில் இன்னும் இரண்டு தமிழாசிரியர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் தெரியும்.

ஐயா புத்தகத்தை வாங்கி மூடினார். "நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா? போய் வெளியே நில்" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்திக்கொண்டே இருந்தேன்.

அவள் அதற்குப் பிறகு தமிழ் மன்றத்துக்கு வரவில்லை. கறுப்பு என்று எழுதுவதையும் விட்டுவிட்டாள். அடுத்த தேர்வில் அவள் தாளைத் திருத்தியவள் நான். கருப்பு என்று இருந்தது. ஐயாவுக்காக எழுதியிருந்தாள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஐயா ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். உடம்பு தளர்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவில், "அந்தக் கறுப்பு இருக்கே, நீ எப்படிம்மா எழுதுறே?" என்று கேட்டார். எதற்காகக் கேட்டார்? அத்தனை வருடம் அது அவரை உறுத்தியிருக்கிறது. ஒரு ஆள் சொன்னால் போதும் என்று வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். "நீங்க சொன்ன மாதிரிதான் ஐயா" என்றேன். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது.

அதை மரியாதை என்று அன்றைக்கு நினைத்தேன். நீங்களும் பெரியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா. இந்த மனிதர் இனி எதையும் கற்றுக்கொள்ள மாட்டார் என்று நாம் அவர் கணக்கை முடித்துவிட்டோம். மாமனார் மனம் குறுகியது என்று கேட்டு எழுதுகிற நீங்கள், அந்த மனத்தில் இன்னொரு செய்தி நுழைய இடம் இருக்கும் என்று நம்பினீர்களா? குழந்தை நம்பினாள். அதனால்தான் தாத்தாவிடம் வாதாடினாள். நீங்கள் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, மாமா இருக்கும்போதே, மகளிடம் சொல்லுங்கள், அன்றைக்கு நீ சொன்னது சரி, அம்மாதான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று. அப்புறம் மாமாவிடம் பிராக் நகரத்துக் கதையைச் சொல்லுங்கள். வளைந்து பேச வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். அவர் எழுந்து போய்விட்டால் போகட்டும். அவர் தட்டை மட்டும் மூடி வையுங்கள்.

அன்புடன்.