மழையில்லாமலே நனைந்த தெரு

கேள்வி: 'தி தேர்டு மேன்' முழுக்க வியன்னாவிலேயே எடுத்த படம் என்கிறார்களே, உண்மையா? அப்புறம், மழையே காட்டாமல் ராத்திரித் தெரு மட்டும் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது?

பதில்: தெருவுக்குத் தண்ணீர் அடித்தார்கள், அவ்வளவுதான். காய்ந்த கல் பாவிய தெரு ராத்திரியில் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும், அந்தக் காலத்து கறுப்பு வெள்ளை பிலிமுக்கோ வெளிச்சம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. நனைத்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மினுங்கும். ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கர் வாங்கிய ஆஸ்கரில் அந்தத் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன்.

ஊர் நிஜம்தான். 1948 கடைசியில் இயக்குநர் கேரல் ரீட் அங்கே படம் எடுத்தபோது போர் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, அதனால் படத்தில் வரும் இடிபாடுகளை யாரும் செட் போட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நாலு பேர் ஊரைப் பங்கு போட்டிருந்தார்கள், நடு வட்டாரம் மட்டும் நாலு பேருக்கும் பொது. கள்ளச்சந்தை பென்சிலின் விற்கும் ஒருவன் ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான ஊர் ஏது? படத்தில் வரும் ப்ராட்டர் பூங்காவின் ராட்சத ராட்டினத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1944-ல் எரிந்துபோய் மறுபடி கட்டியபோது 30 பெட்டியில் 15-ஐத்தான் திரும்ப மாட்டினார்கள்.

சரி, பொய் எங்கே என்றால், பெரும்பாலும் அந்தக் கள்ளச்சந்தைக்காரனாக நடித்த ஆர்சன் வெல்ஸ் வரும் இடங்களில். அவர் வியன்னா வந்து சேரவே தாமதமானதால், சுவரில் ஓடும் அந்தப் பிரம்மாண்ட நிழலுக்கு உதவி இயக்குநர் கய் ஹாமில்டனை ஓடவிட்டார்கள் (பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எடுத்தாரே, அவரேதான்). வந்த பிறகும், கடைசித் துரத்தல் நடக்கும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்க மனுஷனுக்கு மனசே வரவில்லை. கொஞ்சம் அங்கே எடுத்துவிட்டு மிச்சத்துக்கு இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் சுரங்கம் கட்டினார்கள். கடைசியில் தெருவின் இரும்பு வலைக்கு மேலே விரல்கள் நீண்டு காற்றைத் துழாவுமே, அவை ரீடின் விரல்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது.

கேள்வி: நியூயார்க்கில் எடுத்த 'தி நேக்கட் சிட்டி'யும் இதே ரகமா?

பதில்: நேர் எதிர். ரீட் ஊரை நனைத்து, கேமராவைச் சாய்த்து, தனக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொண்டார். 1948-ல் வெளிவந்த இந்தப் படத்தில் இயக்குநர் ஜூல்ஸ் டஸ்ஸினோ ஊருக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டார். வேனுக்குள் கேமரா, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத கண்ணாடி. நடந்து போகிறவர்களில் பலருக்குத் தாங்கள் படத்தில் இருப்பதே தெரியாது. இதற்கும் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது, வில்லியம் டேனியல்ஸுக்கு. கதை என்று பார்த்தால் சாதாரண போலீஸ் விசாரணைதான், பின்னணிக் குரல் வேறு நிறையப் பேசிக்கொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிஷத்துக்காகவாவது பாருங்கள். கொலைகாரன் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறான், தப்ப வழியில்லை, கேமரா அவனோடு கீழே எட்டிப் பார்க்கிறது. அங்கே வெள்ளை உடுப்பில் யாரோ டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.