இலையை உரித்துப் போட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் சாப்பாட்டுக் கட்டுரைகளை நான்கைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகன் யோகஹாமாவில் வேலை பார்க்கிறான். மார்ச் கடைசியில் ஊருக்கு வந்தபோது பெட்டியில் பாதிக்கு மிட்டாயும் பலகாரமும்தான் இருந்தன. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வசாபி என்ற காரக் கிழங்கு போட்ட கிட்கேட், சோயா சாஸ் மிட்டாய், உப்பும் புளிப்புமாக உமேபோஷி என்ற உப்பில் ஊறிய பழத்தின் மிட்டாய், இலை சுற்றிய ரோஸ் நிறக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, கடைசியாக ஆட்டுக்கறி வாசனையில் ஒரு கேரமல். கொழுக்கட்டையின் இலையை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததைச் சாப்பிட்டோம். சப்பென்று இருந்தது. கேரமலைக் குழந்தைகள் வாயில் வைத்த வேகத்தில் துப்பிவிட்டார்கள். என் மாமியார், “இனிப்புன்னா இனிப்பா இருக்கணும், இதென்ன கூத்து” என்று எழுந்தே போய்விட்டார். மகனுக்கு முகம் வாடிவிட்டது. ஆசையாகத் தேடித் தேடி வாங்கி வந்தவன்.

என் கேள்வி இதுதான். இதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே விரும்பிச் சாப்பிடுகிறார்களா, அல்லது வெளியூர்க்காரர்கள் வேடிக்கைக்கு வாங்குவார்கள் என்று செய்து விற்கிறார்களா? இனிப்பில் சோயாவும் உப்பும் எதற்கு?

க.,
ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் மகன் நன்றாகத் தேடித்தான் வாங்கியிருக்கிறார், இதை அவரிடம் சொல்லுங்கள். சோயா மிட்டாய், உமேபோஷி மிட்டாய், இலை சுற்றிய பண்டம் மூன்றும் ஜப்பானியர் வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிறவை. வசாபி கிட்கேட் நடுவில் நிற்கிறது. ஆட்டுக்கறி கேரமல் முற்றிலும் வேறு வகை.

உங்கள் மாமியாருக்காக முதலில் ஒரு சம்பவம். 2016-ல் கியோட்டோவில் ஒரு வயதான அம்மாள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். சென்னையிலிருந்து லட்டு கொண்டுபோயிருந்தேன், நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்டது. அவர் ஒன்றைத் தட்டில் வைத்து, சிறு மரக்குச்சியால் ஓரத்தைக் கீறி எடுத்து வாயில் வைத்தார். அப்படியே அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “என் அம்மாவின் கிமோனோ பெட்டி” என்றார். ஜப்பானில் கற்பூரம் பட்டுத் துணியைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டிக்குள் போடுகிற பொருள். ஒரு காலத்தில் உலகத்துக்கே கற்பூரம் ஏற்றுமதி செய்த நாடு அது, ஆனால் பலகாரத்தில் அதைச் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை. நமக்குக் கோயில் ஞாபகம் வருகிற அதே லட்டில் அவருக்குத் துணிப்பெட்டி ஞாபகம் வந்திருக்கிறது. அன்று அந்த ஒரு வில்லையோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலை தேநீர் போட்டுக்கொண்டு வந்து, “அந்தப் பெட்டி இனிப்பு இருக்கிறதா?” என்று கேட்டு முழு லட்டையும் சாப்பிட்டார்.

வாசனை முதல் முறை வரும்போது நாம் ஏற்கெனவே அதை எங்கே முகர்ந்தோமோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. சோயா சாஸ் என்றால் ஈரோட்டில் நூடுல்ஸ் கடை, ஃப்ரைடு ரைஸ். அது மிட்டாயில் வந்தால் நாக்கு திகைக்கத்தான் செய்யும். ஜப்பானில் பிறந்த பிள்ளைக்கு அது மிதராஷி தாங்கோவின் வாசனை. அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, தணலில் வாட்டி, சர்க்கரையும் சோயாவும் கலந்த பாகைப் பளபளவென்று மேலே ஊற்றித் தருவார்கள். கியோட்டோவின் ஷிமோகாமோ கோயில் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பலகாரம் அது. உங்கள் வீட்டில் பிரித்தது ‘கன்ரோ-அமே’தானா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். 1955 முதல் விற்கிற சோயா மிட்டாய் அது. தாத்தா பாட்டிகளின் பையில் எப்போதும் இருக்கும் ரகம். பல மாதம் நொதித்த நல்ல சோயாவில் உப்பைத் தாண்டி ஒரு மணம் உண்டு, சர்க்கரை கருகத் தொடங்கும்போது எழும் மணத்துக்கு அண்ணன் தம்பி உறவு. வேதியியலிலும் அந்தச் சேர்மங்கள் ஒரே குடும்பம்தான். ஆகவே சோயாவும் கேரமலும் சேர்வதை நான் விநோதம் என்றே நினைக்கவில்லை. அந்த மிட்டாயைக் கடிக்காமல், பேசாமல், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக் கரையவிட்டுப் பாருங்கள். முதலில் உப்பு தெரியும், அப்புறம் பாதி கரைந்த பிறகு வெல்லப்பாகின் வாசனை வரும்.

உப்பும் கசப்பும் இனிப்புக்குள் வருவது நமக்குப் புதிதா என்ன? சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். தீபாவளி லேகியத்தில் திப்பிலியும் சுக்கும் போட்டு நெய்யில் கிளறுகிறோம். அதை ஒரு ஜப்பானியக் குழந்தையிடம் மிட்டாய் என்று கொடுத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் செய்ததைத்தான் செய்யும். உங்கள் மாமியாரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவர் யோசிப்பார்.

இப்போது அந்த இலை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. அதன் பெயர் சகுராமோச்சி. செர்ரி மரத்தின் இலை அது, உப்பில் மாதக்கணக்கில் ஊறப்போட்டது. அந்தப் பண்டத்தின் வாசனை முழுக்க இலையில்தான் இருக்கிறது. மரத்திலிருந்து பறித்த பச்சை இலையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. உப்பில் கிடந்து திசுக்கள் உடைந்த பிறகுதான் கூமரின் என்ற சேர்மம் வெளிப்படுகிறது. அறுத்துக் காயப்போட்ட புல்லின் வாசனை, அதில் வெனிலாவின் சாயல். இதற்கென்று ஓஷிமா வகைச் செர்ரியை, மெல்லிய ரோமமில்லாத இலைக்காகவே, பயிர் செய்கிறார்கள். இசு தீபகற்பத்தில் மட்சுசாகி என்ற சின்ன ஊர் இந்த இலைக்குப் பெயர் போனது. அங்கே ஆள் உயரத்துக்கு மேலான மர மிடாக்களில் இலைக்கட்டுகளை அடுக்கி ஊறவைப்பார்கள்.

தோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் சோமேய்ஜி கோயிலின் வாசல்காவலர் ஒருவர், கொட்டிக் கிடக்கிற செர்ரி இலைகளை என்ன செய்வது என்று யோசித்து 1717-ல் இதைத் தொடங்கினார் என்பது அங்கிருக்கும் கடையின் வரலாறு. கடை இன்றும் நடக்கிறது. கிழக்கில் மாவை மெல்லிய தோசையாக வார்த்துப் பயற்றுப் பூரணத்தைச் சுருட்டுவார்கள். கியோட்டோ, ஒசாகா பக்கம் வேகவைத்து உலர்த்தி நொறுக்கிய பசையரிசியில் உருண்டையாகச் செய்வார்கள், கையில் எடுத்தால் அரிசி ரவை ரவையாகத் தெரியும். நீங்கள் கொழுக்கட்டை என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை என்று ஊகிக்கிறேன். இலையோடு சேர்த்துக் கடிக்க வேண்டும். பூரணத்தின் இனிப்பும் இலையின் உப்பும் ஒரே வாயில் சேரும்போதுதான் அது சகுராமோச்சி. இலையைக் கழற்றினால் நீங்கள் சொன்னது சரி, சப்பென்றுதான் இருக்கும். ஒன்று மட்டும் கவனம், மே 5-ம் தேதி குழந்தைகள் நாளுக்குச் செய்கிற கஷிவாமோச்சியில் சுற்றியிருக்கும் ஓக் இலையைச் சாப்பிடக் கூடாது, அது நம் வாழையிலை மாதிரி வெறும் உறை. அதன் பூரணத்தில் ஒரு வகையில் மிசோ, அதாவது நொதித்த சோயாப் பயறு விழுது, சேர்ப்பார்கள்.

மிசோ என்றதும் ஹனபிராமோச்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புத்தாண்டுப் பலகாரம். வெள்ளை மோச்சியை, அதாவது பசையரிசி மாவுப் பண்டத்தை, பாதியாக மடித்து உள்ளே வெள்ளை மிசோ கலந்த பூரணம் வைப்பார்கள். அதன் நடுவில் சர்க்கரைப் பாகில் வேகவைத்த கோபோ என்ற வேர்க்காய் ஒரு குச்சியாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மண்வாசனை அடிக்கிற காய்கறி அது, பொரியலுக்குப் போகிற சாமான். அரண்மனைச் சடங்கிலிருந்து வந்து, உராசென்கே தேநீர்ப் பள்ளியின் ஆண்டின் முதல் தேநீர்க் கூடுகையில் பரிமாறப்படுகிற பண்டமாகிவிட்டது. மிட்டாய்க் கடையில் நூதனமாக எதையாவது கலப்பது என்றால், அதற்கு அங்கே இவ்வளவு பழைய பின்னணி இருக்கிறது.

வசாபிக்கு வருகிறேன். வசாபியும் கடுகும் ஒரே குடும்பம். ஆவக்காய் ஊறுகாயில் அரைத்த கடுகு மூக்கில் ஏறுகிறதே, அதே சேர்மம்தான் வசாபியிலும் ஏறுகிறது. மிளகாய்க் காரம் நாக்கில் தங்கும், இது ஆவியாகி மூக்குக்குப் போய்ச் சில நொடியில் அடங்கிவிடும். துருவிய வசாபி சில நிமிடங்களிலேயே வீரியம் இழக்கும் என்பதால் சாக்லெட்டுக்குள் வந்து சேர்வது அதன் நிழல்தான். வெள்ளைச் சாக்லெட்டில் போடுவதற்கும் காரணம் உண்டு. கோகோவின் கசப்பு இருந்தால் இந்த மெல்லிய வாசனை அமுங்கிப் போகும். வசாபி விளையும் ஷிசுவோகாவின் பெயரில் அதை விற்கிறார்கள். உஜியின் பெயரில் மட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடி, ஷின்ஷுவின் பெயரில் ஆப்பிள், ஒக்கினாவாவின் பெயரில் ஊதா நிறச் சர்க்கரைவள்ளி என்று கிட்கேட்டில் ஊருக்கு ஒரு சுவை. வெளியூர் போனவர் அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் அந்த ஊர்ப் பண்டத்தை வாங்கி வருவது அங்கே கட்டாயம் மாதிரி. ஓமியாகே என்பார்கள். நாம் மணப்பாறை போனால் முறுக்கு வாங்குவதைப் போல, ஆனால் அங்கே வாங்காமல் வந்தால் குறையாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தின் மேல் ஏறித்தான் இத்தனை சுவைகள் வந்தன. பெயரும் உதவியது. கிட்கேட் என்பது அவர்கள் காதில் ‘கித்தோ கத்சு’ மாதிரி ஒலிக்கும், அப்படியென்றால் ‘நிச்சயம் ஜெயிப்பாய்’. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கே பதில்: உள்ளூர்க்காரரும் வாங்குகிறார், வெளியூர்க்காரரும் வாங்குகிறார்.

ஆட்டுக்கறி கேரமல் அப்படி இல்லை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவில் ஜிங்கிஸுகான் என்று குவிந்த இரும்புத் தட்டில் ஆட்டிறைச்சியைச் சுட்டுச் சாப்பிடுவார்கள். அருமையான சாப்பாடு, நான் சாப்போரோவில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். அதன் பூண்டு, வெங்காயச் சாஸ் வாசனையைக் கேரமலில் ஏற்றியது சிரித்துக்கொண்டே ஒருவர் வாயில் ஒருவர் திணிப்பதற்காக. குழந்தைகள் துப்பியதில் தப்பே இல்லை. அங்கேயும் துப்புகிறார்கள்.

எது நிற்கும், எது நிற்காது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் காரிகாரி-குன் என்ற குச்சி ஐஸ். 1981-லிருந்து வருகிறது, சோடா சுவையில் நீல நிறமாக இருக்கும். 2012-ல் சோள சூப் சுவையில் ஒன்று விட்டார்கள். கடைகளில் அள்ளிக்கொண்டு போய், தயாரித்து முடியாமல் விற்பனையையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்தத் தெம்பில் 2014-ல் நாப்போலித்தான், அதாவது கெட்சப் போட்டுப் புரட்டிய ஸ்பகெட்டியின் சுவையில் ஒன்று விட்டார்கள். 30 கோடி யென் நஷ்டம். இரண்டுமே கேட்பதற்கு ஒரே அளவு விசித்திரம்தான். ஆனால் ஜப்பானில் சோள சூப் பாலும் இனிப்புமாக இருக்கும், குளிர்காலத்தில் தானியங்கி இயந்திரத்தில் சூடான டப்பாவிலேயே வாங்கலாம். இனிப்பின் வாசலில் அது ஏற்கெனவே நின்றிருந்தது. கெட்சப் ஸ்பகெட்டி ஐஸாக உறைந்ததும் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

உமேபோஷி மிட்டாயைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை, பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். உப்பு நெல்லிக்காயும் புளி மிட்டாயும் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் சிரமமே இல்லை. ஈரோட்டு வெயிலில் வெளியே போய் வருகிறவர்களுக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். ஜப்பானில் கோடையில் வேர்த்து உழைப்பவர்களுக்கு உப்பு மிட்டாய் கொடுப்பது வழக்கம்.

இன்னொன்று, ஒரே உட்காரலில் ஐந்தையும் பிரித்திருக்க வேண்டாம். வசாபி ஏறிய மூக்குக்குச் செர்ரி இலை எப்படித் தெரியும்? அங்கே இனிப்பைத் தனியாகக் கூடை நிறைய வைத்துத் தின்பதில்லை. ஒரே ஒன்று, முதலில் அதைச் சாப்பிட்டு முடித்து, அதன் பிறகு கசக்கிற தேநீர். ‘இனிப்பு அடக்கமாக இருக்கிறது’ என்று பெட்டியிலேயே பெருமையாக அச்சடிப்பார்கள். நம் ஜாங்கிரியின் அளவுகோலை அங்கே கொண்டுபோக முடியாது. பச்சைத் தேநீர் வீட்டில் இல்லாவிட்டால் சர்க்கரை போடாத கட்டங்காப்பி போதும்.

மகனிடம் அடுத்த முறைக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மாமியாருக்கு கொம்பெய்தோ வாங்கி வரச் சொல்லுங்கள். முள் முள்ளாக, நட்சத்திரம் மாதிரி இருக்கும் சர்க்கரை மணி. 1569-ல் லூயிஸ் ஃபிரோயிஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் கண்ணாடிக் குடுவையில் போட்டு ஒதா நோபுனாகா என்ற போர்த்தலைவருக்குக் கொடுத்த மிட்டாய் அது. அன்று அந்நியப் பண்டம், இன்று ராஜ குடும்பத்து விசேஷங்களில் சின்ன வெள்ளிச் சிமிழில் போட்டுக் கொடுப்பது. சுழல்கிற சூடான வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாகு விட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் வளர்த்தெடுப்பார்கள். நம் சீரக மிட்டாயும் இதே கைவேலைதான், உள்ளே சீரகம் இருக்கும் அவ்வளவே. அவருக்குப் பிடிக்காமல் போகாது.

சகுராமோச்சியை மட்டும் புறப்படுகிற அன்று கடைசியாக வாங்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்துக் கொண்டுவரட்டும், வந்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மோச்சி கெட்டியாகிவிடும், இலை மட்டும்தான் மணத்துக்கொண்டிருக்கும்.