சொட்டுக் கணக்கு: நர்சிங் மாணவர் கேள்வி - பதில்

500 மி.லி. நார்மல் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். எனக்கு நிமிடத்துக்கு 42 சொட்டு வந்தது, தோழிக்கு 31. சூத்திரம் ஒன்றுதான். யார் சொல்வது சரி?
- ஜி.என்.எம். இரண்டாம் ஆண்டு மாணவி, தஞ்சாவூர்

இருவருமே சரியாக இருக்கலாம். மி.லி.யை செட்டின் (பாட்டிலிலிருந்து கைக்கு வரும் குழாயின்) சொட்டு எண்ணால், அதாவது 1 மி.லி.க்கு அது விடும் சொட்டுகளால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுக்கிறோம். 20 சொட்டு செட் என்றால் 500 × 20 ÷ 240 = 41.7, அதாவது 42. 15 சொட்டு செட் என்றால் 31. மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு, அதனால் 125. எண் செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். உறையைப் பிரித்துக் குப்பையில் போடும் முன் படித்துவிடுங்கள். மனக்கணக்கு வேண்டுமா? ஒரு மணி நேர மி.லி.யை 20 செட்டுக்கு 3-ஆலும், 15 செட்டுக்கு 4-ஆலும் வகுங்கள். மைக்ரோவுக்கு வகுக்கவே வேண்டாம்.

சிரிஞ்ச் பம்பில் டோபமின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து). நோயாளி 60 கிலோ. கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 200 மி.கி. மருந்து 50 மி.லி.யில் கலந்தது. எனக்கு 0.075 வருகிறது. எங்கே தவறு?
- பி.எஸ்சி. நர்சிங் மாணவர், மதுரை

0.075 மி.லி. என்பது ஒரு நிமிடத்துக்கான அளவு. பம்ப் கேட்பது ஒரு மணி நேரத்துக்கு. 60-ஆல் பெருக்கினால் 4.5 மி.லி. இந்த 60 விடுபட்டால் நோயாளிக்குப் போவது அறுபதில் ஒரு பங்கு மருந்து. ரத்த அழுத்தம் ஏறாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள். பிறகு யாராவது கணக்கைத் திருத்தும்போது, கூட்டிய டோஸ் முழுதாக உள்ளே போகும்.

அலகை விடாமல் எழுதிப் பழகுங்கள். 200 மி.கி. என்பது 2,00,000 மைக்ரோகிராம். 50-ஆல் வகுத்தால் 1 மி.லி.யில் 4,000. தேவை 5 × 60 கிலோ = நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000. அதை 4,000-ஆல் வகுத்தால் 4.5. பம்பைத் தொடும் முன் திருப்பிப் போட்டும் பாருங்கள்: 4.5 × 4,000 = 18,000; 60 நிமிடத்தால் வகுத்து 300; 60 கிலோவால் வகுத்து 5. ஆர்டரில் உள்ள எண் திரும்பி வந்தால்தான் ஸ்டார்ட். இங்கே எடையும் 60, நிமிடமும் 60 என்பதால் ஒன்றைப் போட்டதுமே இரண்டையும் போட்டதாகத் தோன்றிவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அலகை எழுதுவது அதற்காகத்தான்.

கலப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 200 மி.கி. ஆம்ப்யூல் (சிறிய மருந்துக் குப்பி) 5 மி.லி. இருக்கும். 50 மி.லி. சலைனில் அதைச் சேர்த்தால் மொத்தம் 55 ஆகி, செறிவு 1 மி.லி.க்கு 4 மி.கி.யிலிருந்து 3.6 மி.கி.க்கு இறங்கிவிடும். 45 மி.லி. சலைன் எடுத்து 5 மி.லி. மருந்து சேருங்கள்.

8 மணி நேரத்தில் ஏற வேண்டிய 1 லிட்டரில் 3 மணி நேரத்தில் 250 மி.லி.தான் போயிருக்கிறது. வேகத்தைக் கூட்டலாமா?
- மாணவி, திருச்சி

நீங்களாகக் கூட்டாதீர்கள். 375 போயிருக்க வேண்டும், 125 குறைகிறது. முதலில் காரணத்தைத் தேடுங்கள்: நோயாளி கையை மடக்கியிருக்கிறாரா, கேனுலா (நரம்பில் செருகிய சிறு குழாய்) இடத்தில் வீக்கமா, டியூப் மடிந்திருக்கிறதா, ரோலர் கிளாம்ப் (சொட்டு வேகத்தை மாற்றும் உருளை) நழுவியதா. வீங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு கணக்கோடு டாக்டரிடம் போங்கள்: மீதி 750 மி.லி., 5 மணி நேரம், மணிக்கு 150, 20 செட்டில் 50 சொட்டு. இதய, சிறுநீரக நோயாளிக்கும் முதியவருக்கும் இந்த வேகம் நுரையீரலில் நீர் சேர வைக்கலாம். நேரத்தை நீட்டச் சொல்வதும் உண்டு.

பாட்டிலில் கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) சேர்த்திருந்தால் ‘விட்டதைப் பிடிப்பது’ என்ற பேச்சே கூடாது. 15 சதவீத 10 மி.லி. ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவேலன்ட் (உப்பை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. சாதாரண வார்டில், கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவேலன்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு ஆம்ப்யூலுக்கே குறைந்தது 2 மணி நேரம். அதை நேரடியாக ஊசியாகப் போட்டால் இதயம் நின்றுவிடும். தொங்கும் பாட்டிலில் அப்படியே சேர்த்தாலும் ஆபத்து உண்டு: கனமான கரைசல் வாய்ப்பகுதியில் தேங்கி முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். கிளாம்பை மூடி, பாட்டிலைக் கீழே எடுத்து, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே தொங்கவிடுங்கள்.