கையில் ஆறு அடி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் பத்தாம் வகுப்பு செட் பழைய மாணவர் சந்திப்பு நடத்தினோம். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சால்வை போர்த்தி, கையில் ஒரு பிரம்பைக் கொடுத்து, வரிசையாக நின்று அடி வாங்கினோம். முதலில் மாட்டேன் என்றார், நாங்கள் விடவில்லை. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அந்த அடி இல்லையென்றால் இன்று நாங்கள் இல்லை. இப்போது சட்டம் போட்டு ஆசிரியர்கள் கையைக் கட்டிவிட்டார்கள், மாணவன் வாத்தியாரை அடிக்கிறான். என் மகள் பி.எட். முடித்து ஜூனில் வேலைக்குச் சேர்கிறாள். நாற்பது பிள்ளைகளைக் குச்சி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று பயப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

இதே மாதிரி ஒரு வீடியோ போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. தொந்தியும் நரையுமாக ஐம்பது வயது ஆட்கள், கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

மாணவன் வாத்தியாரை அடிக்கிறான் என்பதை விட்டுவிடுவோம். பேப்பரில் இரண்டு சம்பவம் படித்துவிட்டு ஒரு தலைமுறைக்கே தீர்ப்பு எழுத எனக்கு விருப்பமில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவாக இருக்கும். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-இல், கல்வி விதிகளில் 51-ஆவது விதியைத் திருத்தி அடியைத் தடை செய்துவிட்டார்கள். சரி, திருத்துவதற்கு முன்னால் அந்த விதியில் என்ன இருந்தது தெரியுமா? வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது அல்லது நடந்துகொள்வது, அப்பட்டமாகக் கீழ்ப்படிய மறுப்பது, இந்த மாதிரி ஒழுக்கக்கேடுகளுக்கு மட்டும்தான் அடி. அதுவும் கையில்தான். ஆறுக்கு மேல் கூடாது. அடிப்பவர் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் அடிக்க வேண்டும்.

இப்போது உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் வாத்தியார் எதற்கெல்லாம் அடித்தார்? வாய்ப்பாட்டில் பதினாலாம் வரி மறந்துபோனதற்கு. லேட்டாக வந்ததற்கு. நோட்டு வாங்காததற்கு, ஃபீஸ் கட்டாததற்கு, சட்டையில் பொத்தான் இல்லாததற்கு. இதில் எது பொய், எது ஆபாசம்? கையில் ஆறு என்ற கணக்கு தொடையில் கிள்ளியபோது எங்கே போனது? ஸ்கேலைக் குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் போட்டபோது ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாரா? டஸ்டர் பறந்து வந்ததே, அது எந்த விதியில் வரும்? நீங்கள் கண்ணீரோடு கும்பிடுகிற அந்தப் பொற்காலத்திலும் வாத்தியார் கை கட்டப்பட்டுத்தான் இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிக்கக் கிளம்பியவர்கள் தங்களுக்கென்று எழுதியிருந்த ஒரே ஒரு விதியை தினமும் முதல் பீரியடிலேயே மீறினார்கள்.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் அங்கே அடி வாங்கியதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பிள்ளைகள் பொய்யர்களா?

எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்க அவன் வீட்டில் காசில்லை. வட்டம் வரையச் சொன்னால் இங்க் புட்டியின் மூடியை வைத்து வரைவான். என் காம்பஸ் ஊசி நழுவி நழுவி, நான் வரைந்த வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அவனுடையது அப்படியே நிலா. அடி விழுந்தது அவனுக்கு. காம்பஸ் கொண்டுவராதவனுக்குப் புறங்கையில் நாலு, தினமும். அரைப் பரீட்சை லீவு முடிந்ததும் அவன் வரவில்லை. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டார், ஆப்சென்ட் போட்டார், கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். பிறகு அவனை ஒரு லாரிப் பட்டறையில் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டான். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் இல்லை. உங்கள் குழுவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். அடி வாங்கி ஓடிப்போனவனுக்கு யார் சால்வை விழாவுக்குப் பத்திரிகை வைக்கிறார்கள்? மிச்சமிருக்கிற இன்ஜினியர்களும் பேங்க் மேனேஜர்களும் கூடி, அடிதான் எங்களை ஆளாக்கியது என்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பண்ணையார் மகனும் உங்கள் வகுப்பில் படித்திருப்பானே, அவனுக்கு எத்தனை அடி விழுந்தது? அவனும் ஆளாகத்தானே செய்தான்!

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் வாத்தியார் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. யாருக்காவது பரீட்சை ஃபீஸ் கட்டியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து இலவசமாக டியூஷன் எடுத்திருப்பார். அந்தத் தலைமுறையில் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். நீங்கள் ஆளானது அதனால். அதற்காகக் காலில் விழுங்கள், நானும் கூட வந்து விழுகிறேன். ஆனால் அவர் மாட்டேன் என்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை எப்படி இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போனீர்கள்? எண்பது வயதில் ஒரு மனிதர் பிரம்பை வாங்க மறுக்கிறார். ஏன் சார் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. போட்டோவுக்காக மறுபடி அவரை அடிக்க வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வகுப்பெடுத்தவன் இல்லை. நாற்பது பேரைச் சமாளிக்கும் வித்தையை அவள் சேரப்போகும் பள்ளியிலேயே சத்தம் போடாமல் பாடம் நடத்தும் யாராவது ஒரு டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். அப்படி ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். போய் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம், முதல் மாதச் சம்பளத்தில் நாலைந்து ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.