போன் பேச்சைப் பதிவு செய்யலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எதிரில் பேசுபவரிடம் சொல்லாமல் ரெக்கார்ட் செய்தால் குற்றமா?

எங்கே என்பதைப் பொறுத்தது. பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்கின்றன சில சட்டங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். அமெரிக்க மத்தியச் சட்டமும் கனடாவின் குற்றவியல் சட்டமும் இந்த வகை. எல்லோரும் சம்மதித்தாக வேண்டும் என்பது இன்னொரு வகை. கலிபோர்னியாவில் அந்தரங்கமான பேச்சை ரகசியமாகப் பதிந்தால் 2,500 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு. அது போக, பாதிக்கப்பட்டவர் மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 201ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

என் ஊரில் ஒருவர் சம்மதம் போதும், அவர் ஊரில் எல்லோர் சம்மதமும் வேண்டும். எந்தச் சட்டம் செல்லும்?

தலைவலியே இங்கேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் சம்மதம் போதும். அங்கிருந்த ஒரு நிதி நிறுவனக் கிளை, கலிபோர்னியா வாடிக்கையாளர்களிடம் பேசியதைச் சொல்லாமல் பதிந்தது. ‘எங்கள் ஊரில் இது சரிதானே’ என்ற வாதம் எடுபடவில்லை. கலிபோர்னியா சட்டமே பொருந்தும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதுவரை நடந்ததற்கு இழப்பீடு கிடையாது என்றும் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்களுக்குப் பாதி வெற்றிதான். ஆகவே இரண்டு ஊர்ச் சட்டங்களில் எது கடுமையோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். செல்போன் எண்ணைப் பார்த்து ஆள் எங்கே இருக்கிறார் என்று முடிவு கட்டவும் முடியாது.

கணவருக்குத் தெரியாமல் அவர் போனில் ரெக்கார்டிங் ஆப் போடலாமா?

வேண்டாம். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை. அது ஒட்டுக்கேட்பு. ஒருவர் சம்மதம் போதும் என்கிற இடங்களிலும் குற்றம்தான்.

‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்’ என்று சொன்ன பிறகும் லைனில் இருந்தால் சம்மதித்ததாக ஆகுமா?

பல இடங்களில் ஆம். வாய்விட்டுச் ‘சரி’ என்று சொல்ல வேண்டியதில்லை. ஐபோனில் 2024இல் வந்த ரெக்கார்டிங் வசதியும் பட்டனைத் தொட்டதும் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் பதிகிறது. உங்கள் போனில் அப்படி இல்லையென்றால், ‘நானும் பதிவு செய்கிறேன், சரியா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் பதிலும் பதிவிலேயே இருக்கட்டும்.

ரகசியமாகப் பதிந்தது கோர்ட்டில் எடுபடுமா?

பதிந்தது சரியா, சாட்சியமாக ஏற்பார்களா என்பவை தனித்தனி விஷயங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் மல்கானி லஞ்ச வழக்கில் 1972இலேயே ஒலிப்பதிவை ஏற்றது. பேச்சு வழக்கோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், குரல் யாருடையது என்று தெரிய வேண்டும், வெட்டி ஒட்டியிருக்கக் கூடாது. கலிபோர்னியா சிவில் வழக்கிலோ, சம்மதமில்லாத பதிவு பொதுவாகச் செல்லாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போகிறவர்கள் நிறைய. அசல் ஃபைலை அழிக்காதீர்கள், முன்பின் வெட்டாதீர்கள், பதிந்த போனையும் விற்காதீர்கள். இந்தியாவில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் தர வேண்டும்; அதற்கு அசல் ஃபைலும் போனும் தேவைப்படும்.